சித்தி வச்ச சூடு

“ஆமாங்க, நான்தான் சூடு வச்சேன். வலிக்குது வலிக்குதுன்னு எம்மக அழுதா. அதான் வச்சேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனுஷன் நிம்மதியாக ஒரு பஜ்ஜியைக் கடிக்கிற நேரத்தில், மாடிப்படி ஏறி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு பொம்பளை இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? கடித்தது எனக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பிள்ளை அழுததாம், அதனால் சூடு வைத்தாளாம். அதையும் இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொல்கிறாள்.

எதிரே மணிமேகலை அக்கா அசையவில்லை. அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் வெகுகாலம் ரைட்டராக இருந்தவர். புகார் கொடுக்க வருகிறவன் அழுது புலம்பிச் சொல்வதையெல்லாம் சர்க்கார் தமிழில் எழுதி வைக்கிற வேலை. ஒருநாள் இன்ஸ்பெக்டர் சொன்ன பொய்யை எழுத மாட்டேன் என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்தார். இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். நான் ஸ்டீபன்ராஜ், அக்காவின் அசிஸ்டென்ட். பைக் ஓட்டுவது என் வேலை. வாய் பேசுவது என் வியாதி.

“உன் பேரு என்ன?” என்றார் அக்கா.

“பேச்சாயிங்க. ரெட்டியார்சத்திரம் பக்கம்.”

“யாருக்குச் சூடு வச்சே?”

“எம்மக தமிழ்மதிக்கு. அஞ்சாப்பு படிக்கிறா. நான் பெத்தது இல்லீங்க. அவ கைப்பிள்ளையா இருக்கையிலயே அவுகம்மா செத்துப்போச்சு. நான் ரெண்டாந்தாரமா வந்தவ.”

சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். சித்தி, சூடு, வாக்குமூலம். பஜ்ஜி ஆறுவதற்குள் கேஸ் முடிந்துவிட்டது.

“எதுல வச்சே?”

“உப்புல.”

“உப்புலயா?” என்றேன் நான்.

“கல்லுப்பை வறுத்துத் துணியில கட்டி, முட்டியில வச்சேன். ஒருநா இந்த முட்டி வலிக்குதும்பா, மறுநா அந்த முட்டி வலிக்குதும்பா. தூக்கமே இல்ல. ஸ்டேஷன்ல கூப்பிட்டு ‘சூடு வச்சியா’ன்னு கேட்டாக. வச்சேன்னேன். ஒத்தடம்தான் வச்சேன்னு சொல்றதுக்குள்ள எழுதி முடிச்சுட்டாக. அப்புறம் சொன்னதுக்கு, ஒத்தடம் வச்சா வட்டமாத் தடம் விழுமான்னு அதட்டுனாக. எனக்கு வாயடைச்சுப்போச்சு.”

அக்கா கண்ணை மூடித் திறந்தார். அப்படி எழுதுகிற கைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

“யாரு புகார் குடுத்தது?”

“பிள்ளையோட தாய்மாமன் கருப்பணன் அண்ணன். குஜிலியம்பாறைப் பக்கம். பிள்ளை முதுகுல வட்டம் வட்டமாத் தடம் இருக்கிறத ஸ்கூல் டீச்சரு பாத்துட்டு அவருக்குச் சொல்லியிருக்காக. அவரு வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. நாளைக்குக் காலைல ஆபீசருக வாராக. என்னைய உள்ள வச்சிருவாகளாம், பிள்ளைய ஹோமுல சேத்துருவாகளாம்.”

“வீட்டுக்காரரு?”

“அழகுராஜான்னு பேரு, லாரி ஓட்டுறாக. வடக்க லோடு ஏத்தப் போயிருக்காக. அண்ணன் போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் வர்றதுக்குள்ள வீட்டை விட்டுப் போயிருன்னுட்டு வச்சுட்டாக. அப்புறம் நான் போட்டா எடுக்கல.”

இதுவரை அழாத பொம்பளைக்கு இங்கேதான் குரல் உடைந்தது.

“என்னைய உள்ள வச்சாலும் வச்சுட்டுப் போறாகங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். நான் வச்சது முட்டியில. தடம் வந்தது முதுகுலயும் வயித்துலயும். நான் வச்ச சூடு உள்ள இறங்கி அங்கிட்டு வந்துருச்சோ? எம்பிள்ளைய நாந்தான் கெடுத்துட்டேனோ? அதக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பை விலக்கி முழங்கையை நீட்டினாள். நல்ல வட்டமாக ஒரு ரணம். கொப்புளம் உடைந்து, ஓரம் கறுத்து, சீழ் வைத்திருந்தது.

“டம்ளர் வாயை அடுப்புல காட்டிப் பிள்ளைக்கு வச்சுட்டான்னு ஊருக்குள்ள பேசுறாக. அப்படி வச்சா எப்படித்தான் இருக்கும்னு போன வாரம் என் கையில வச்சுப் பாத்தேன்.”

என் வாய் வியாதி அந்த நிமிஷம் குணமாகியிருந்தது.

அக்கா அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக விட்டார். “டீச்சர்கிட்ட பிள்ளை என்ன சொல்லுச்சாம்?”

“நான் சூடு வச்சேன்னு சொல்லியிருக்கா,” என்றாள் பேச்சாயி. “அவ பொய் சொல்ற பிள்ளை இல்லீங்க.”

அவளை ஆபீசிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினோம். பைக்கை எடுக்கும்போது மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “அக்கா, ஒத்தடம்ங்கிறத அந்தம்மா இப்ப யோசிச்சுக்கூடச் சொல்லலாம்ல? கையில வச்சுக்கிட்டதும் நம்மளை நம்ப வைக்கத்தான்னா?”

“இருக்கலாம். அதனாலதான் பிள்ளை சொன்ன வார்த்தை வேணும்.”

“பிள்ளை குஜிலியம்பாறையில இருக்கு.”

“வார்த்தை மேட்டுப்பட்டியில இருக்கு. வண்டியத் திருப்பு.”

பேச்சாயி சொன்ன அடையாளத்தை வைத்து மேட்டுப்பட்டியில் தமிழ்மதியின் டீச்சர் அமலராணி வீட்டைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாடும் முடித்து, பரீட்சைத் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். தமிழ் டீச்சர். பேசினால் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகூடக் காதில் விழுகிறது.

“என் கண்ணால் பார்த்தேன், மேடம். விளையாட்டு வகுப்பு முடிந்து வியர்வையோடு வந்தாள். சட்டை விலகியபோது முதுகில் வட்டங்கள் தெரிந்தன. யார் செய்தது என்று கேட்டேன். சித்தி சூடு வைத்துவிட்டார்கள் என்று அவள் வாயாலேயே சொன்னாள். அதன் பிறகும் நான் சும்மா இருந்தால் நான் என்ன ஆசிரியை?”

“நீங்க செஞ்சது தப்பே இல்ல டீச்சர்,” என்றார் அக்கா. “ஆனா அந்தப் பிள்ளை வைத்துவிட்டார்கள்னா சொல்லுச்சு?”

“ஆமாம்.”

“அதே வார்த்தையிலயா? அஞ்சாப்புப் பிள்ளையா?”

டீச்சர் லேசாகச் சிரித்தார். “வகுப்பில் கொச்சையாகப் பேச நான் விடுவதில்லை. ஆனால் அன்று அழுகிற நிலையில் இருந்தாள். அவள் பாணியில்தான் சொன்னாள்.”

“அந்தப் பாணியிலயே சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்தாம.”

டீச்சர் யோசித்தார். பிறகு ரொம்பச் சங்கடப்பட்டுக்கொண்டு, ஏதோ கெட்ட வார்த்தை பேசப்போகிறவர் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “‘எங்க சித்தி சூடு வச்சு விட்டாங்க டீச்சர்.’”

“வச்சுட்டாங்களா, வச்சு விட்டாங்களா?”

“வச்சு விட்டாங்க. இரண்டும் ஒன்றுதானே? எழுதினால் இரண்டுமே வைத்துவிட்டார்கள்தான்.”

“எழுதுனா ஒண்ணுதான்,” என்றார் அக்கா. “பேசுனா வேற. தலை சீவி விட்டாங்க. பொட்டு வச்சு விட்டாங்க. எண்ணெ தேச்சு விட்டாங்க. பிள்ளைக எப்ப டீச்சர் ‘விட்டாங்க’ன்னு சொல்லும்? தனக்காக ஒருத்தர் ஒண்ணைச் செஞ்சா சொல்லும். அடிச்சவளை அடிச்சுப்புட்டாங்கன்னு சொல்லும், அடிச்சு விட்டாங்கன்னு எந்தப் பிள்ளையும் சொல்லாது.”

டீச்சர் கையில் இருந்த சிவப்புப் பேனாவை மூடினார். எனக்கே பாவமாக இருந்தது. மனசில் அழுக்கில்லாத பொம்பளை, பிள்ளைக்கு நல்லது செய்யப் போய், நல்ல தமிழில் ஒரு குடும்பத்தைக் கவிழ்த்திருக்கிறார்.

“அப்படியானால் அந்த வட்டங்கள்?” என்றார் கடைசியில். “அவை பொய்யில்லையே. அடுத்த நாள் கூப்பிட்டு மறுபடியும் பார்த்தேன். புதிதாக வேறு இடத்தில் இருந்தன. தினமும் வைக்கிறாள் என்றுதான் எனக்குப் பதறியது.”

“புதுசு வேற இடத்துல. சரி. முந்தின நாள் பாத்த பழசு எங்க போச்சு?”

எனக்கு மண்டையில் அப்போதுதான் ஏறியது. போன வாரம் வைத்த சூடு பேச்சாயி கையில் இன்னும் சீழ் பிடித்து நிற்கிறது. பிள்ளை உடம்பில் வைத்தது மட்டும் ஒரே ராத்திரியில் எப்படி மறையும்?

“சூடு பட்ட தடம் ஆயுசுக்கும் போகாது அக்கா,” என்றேன். “எங்க சித்தப்பாவுக்குச் சின்ன வயசுல பட்டது இன்னைக்கும் இருக்கு. கல்யாணப் பத்திரிகையில போடாததுதான் குறை.”

அக்கா சிரிக்கவில்லை. “டீச்சர், பிள்ளை முன்ன மாதிரி இருக்காளா?”

“இல்லை. ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் முதலில் வருவாள். இப்போது பாதித் தூரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டுப் பயம் என்று நினைத்தேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “அதற்கு முன்பு தொண்டை வலி, காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாள். வந்த பிறகு இரண்டு நாள் நொண்டினாள். பிறகு மற்றக் காலை நொண்டினாள். நடிக்கிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள்.”

அக்கா சட்டென்று எழுந்துவிட்டார். வாசலில் நின்று டாக்டர் பாத்திமாவுக்குப் போன் போட்டார். பாத்திமா பிள்ளைகள் டாக்டர், அக்காவோடு பள்ளிக்கூடம் படித்தவர், எங்கள் கேஸுகளில் பாதிக்கு அவரைக் கேட்காமல் அக்கா ஒரு அடி வைப்பதில்லை. எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

“ஆமா, தொண்டை வலிதான் முதல்ல. அப்புறம் மூட்டு. இடம் மாறி மாறி. வட்டம், ஆமா, வருது போகுது. ஓடுனா உக்காந்துக்கிறாளாம்.” பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “சரி, பிள்ளைய நடக்கக்கூட விட மாட்டேன்,” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

“என்ன சொன்னாங்க?”

“ஏலே, வண்டிய எடு. பேசாம ஓட்டு.”

அக்கா என்னைப் பேசாதே என்று சொல்வது தினமும் நடப்பதுதான். ஆனால் அன்றைக்குச் சொன்ன விதம் நன்றாக இல்லை. எரியோடு ஊரைத் தாண்டி, சோளத்தட்டை காய்ந்து நின்ற காடுகளுக்கு நடுவே வண்டி போகும்போது, பின்னால் உட்கார்ந்து அவர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். அக்காவுக்கு வேகம் என்றால் பயம் கிடையாது. வேறெதற்கோ பயந்தார்.

கருப்பணனை நான் வழியெல்லாம் அருவாளோடு கற்பனை செய்துகொண்டு போனேன். ஆள் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஆனால் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பொம்பளை முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதபடி உட்கார்ந்திருந்தாள். அது என் கற்பனையில் இல்லை.

“யாரு நீங்க? அவ அனுப்புனாளா?” என்றார் கருப்பணன்.

“ஆமா, பேச்சாயிதான் அனுப்புனா. பிள்ளையப் பாக்கணும்.”

“நடையக் கட்டுங்க. எந்தங்கச்சியத்தான் அந்த வீட்ல வேலை வாங்கியே கொன்னுட்டாங்க. வயித்துல ரெண்டாவது பிள்ளையோட மூச்சு முட்டிச் செத்தா. அவ பெத்ததையாவது நான் காப்பாத்திக்கிறேன்.”

அக்கா வேப்பமரத்தைக் காட்டினார். “அது உங்க வீட்டம்மாவா?”

கருப்பணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நேத்து உங்க வீட்டுலயும் பிள்ளைக்குத் தடம் வந்துச்சு. அப்படித்தான?”

கருப்பணனின் கை வாசல் நிலையிலிருந்து நழுவியது. மரத்தடியிலிருந்து அந்தப் பொம்பளை விசும்பினாள். “வெந்நி ஊத்துனேன் அக்கா, அம்புட்டுத்தான். துடைக்கையில பாத்தா வயிறெல்லாம் வட்டம். நான் எதுக்கு அந்தப் பிள்ளைக்குச் சூடு வைக்கப்போறேன்? சொன்னா நம்பாம அறைஞ்சுபுட்டு வெளிய தள்ளிட்டாரு.”

“ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாளுக,” என்றார் கருப்பணன். குரலில் பழைய பலம் இல்லை.

“அண்ணே, திண்டுக்கல் ஜில்லாவுல இருக்கிற பொம்பளை எல்லாம் டம்ளரோட கிளம்பிட்டாகளா?” என்று கேட்டுவிட்டு நான் அக்காவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். வாய் வேறு, உயிர் வேறு.

“செத்த நேரம் குடுங்க,” என்றார் அக்கா. “நானும் தொடல, உங்க வீட்டம்மாவும் தொட வேணாம். நீங்களே உங்க கையால வெதுவெதுன்னு தண்ணி கொண்டாந்து, நீங்களே துணிய நனைச்சுப் பிள்ளை முட்டியில வைங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.”

உள்ளே கட்டிலில் தமிழ்மதி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லிப் பிள்ளை. சும்மா இருக்கும்போதே ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“படுத்துக்கலாம்ல கண்ணு?” என்றார் அக்கா.

“படுத்தா மூச்சு முட்டுது.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைத்தான் பாத்திமா கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். சட்டையைத் தூக்கி முதுகையும் வயிற்றையும் கருப்பணனுக்குக் காட்டச் சொன்னார். சுத்தமாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. கருப்பணன் தண்ணீரைக் கொண்டுவந்து, தன் கன்னத்தில் துணியை வைத்துச் சூடு பார்த்து, அப்புறம்தான் பிள்ளை முட்டியில் வைத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் பேசலாமா என்று வாயெடுத்தேன்.

வந்தது முட்டியில் இல்லை. தொப்புளுக்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. வளைந்து வளைந்து போய்த் தன்னைத்தானே தொட்டு வட்டமாக மூடிக்கொண்டது. நடுவில் தோல் சாதாரணமாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. விலாவில் மூன்றாவது. ஒரு ஆளும் தொடாத இடத்தில், எங்கள் கண் முன்னால், சத்தமில்லாமல் அது வந்துகொண்டே இருந்தது.

“நான் ஒண்ணும் பண்ணலையே,” என்றார் கருப்பணன். “தண்ணி சுடக்கூட இல்லையே.”

“இது வலிக்காது மாமா,” என்று தமிழ்மதி அவரைச் சமாதானம் செய்தாள். “அரிக்கவும் அரிக்காது. தானா வரும், தானாப் போயிரும்.”

“இதை ஏன் கண்ணு டீச்சர்கிட்ட சொல்லல?” என்றேன்.

“வலிக்குதான்னு டீச்சரு கேக்கல. யாரு பண்ணாங்கன்னுதான் கேட்டாங்க.”

ஸ்டேஷனில் கேட்டதும் அதே கேள்விதான், ஊர் கேட்டதும் அதே கேள்விதான். படியேறி வந்த பேச்சாயியைப் பார்த்து நான் மனசுக்குள் கேட்டதும் அதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

“யாரும் பண்ணல, கருப்பணன்,” என்றார் அக்கா. “உள்ள இருந்து வருது. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். பிள்ளையத் தூக்கிக்கங்க, ஒரு அடி நடக்க விடாதீங்க. வண்டி இருக்கா?”

பக்கத்து வீட்டு வேனில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கருப்பணன் வந்தார். மரத்தடியில் இருந்த மனைவியைத் தாண்டும்போது நின்று, “ஏறு,” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். நாங்கள் முன்னால் போனோம். பேச்சாயிக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் பாத்திமா பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் வைத்தார், இந்தப் பக்கம் வைத்தார், முதுகில் வைத்தார். அப்புறம் ஸ்கேன் எடுத்தார். வெளியே வந்தபோது வராந்தாவில் எல்லோரும் நின்றிருந்தோம். பேச்சாயி மட்டும் தள்ளி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றாள். கருப்பணன் அறை வாசலில் நிற்கையில் கிட்டே வர அவளுக்குத் துணிவில்லை.

“ருமாட்டிக் காய்ச்சல்,” என்றார் பாத்திமா. “தொண்டையில ஒரு கிருமி வந்திருக்கு. நாலு மாத்திரையில காய்ச்சல் நின்னிருக்கும், எல்லாரும் மறந்திருப்பீங்க. ஆனா அந்தக் கிருமியை எதிர்க்கக் கிளம்புன உடம்பு, ஆளு தெரியாம தன்னையே அடிக்க ஆரம்பிச்சிருச்சு. முதல்ல மூட்டு. தோலுக்கு மேல இந்த வட்டம். வட்டத்தால ஒரு கெடுதலும் இல்ல. ஆனா இந்த வட்டம் தெரிஞ்சா நான் தோலைப் பாக்க மாட்டேன், இதயத்தைத்தான் பாப்பேன். வால்வு கசியுது. மூச்சு வாங்குறது அதனாலதான்.”

“பிழைச்சிருவாளா டாக்டர்?” அக்கா கேட்டார்.

“இன்னும் கொஞ்ச நாள் கவனிக்காம விட்டிருந்தா நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். இப்ப முடிஞ்சதைச் செய்யறேன். இந்த ராத்திரி எனக்குப் பயமாத்தான் இருக்கு. தாண்டி எழுந்தாலும் வருஷக்கணக்கா ஊசி விடாமப் போடணும். இன்னொரு தடவை தொண்டையில வந்தா வால்வு தாங்காது.”

குழாய்ப் பக்கமிருந்து பேச்சாயி கேட்டாள். “நான் ஒத்தடம் வச்சதாலயாங்க?”

“இல்லம்மா. சூடு பட்டா அந்த வட்டம் கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். நீ வச்சதனாலதான் அது வெளியே தெரிஞ்சதே.”

அவள் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பொம்பளை மேல் பழி விழுந்ததால்தான் பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது. இதில் சந்தோஷப்படுவதா, யாரையாவது நாலு வார்த்தை திட்டுவதா என்று தெரியாமல் எனக்கு எரிச்சலாக வந்தது.

பாத்திமா உள்ளே திரும்பப் போனவர் நின்றார். “சில குடும்பத்துல இது ஒருத்தரோட நிக்காது. பிள்ளையோட சொந்தத்துல யாருக்காவது சின்ன வயசுல மூட்டு வலி, அப்புறம் மூச்சு இரைப்பு, இப்படி இருந்திருக்கா?”

கருப்பணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

“எந்தங்கச்சிக்கு முட்டி வீங்கும். இன்னைக்கு இந்த முட்டி, நாளைக்கு அந்த முட்டி. களையெடுக்கப் போகணும்னா உக்காந்துக்குவா. கள்ளி, காலை மாத்தி மாத்தி நொண்டுறான்னு நான் வெளுத்திருக்கேன். எங்கப்பன் இருந்தும் நாந்தான் அடிப்பேன்.” பிள்ளை இருந்த அறைக் கதவைப் பார்த்தார். “கட்டிக்குடுத்த இடத்துல மாசமா இருக்கையில மூச்சு முட்டுதுன்னா. அங்கிட்டு வேலை அதிகம்னு நெனைச்சேன். அவளைக் கொன்னுட்டாங்கன்னு இம்புட்டு வருஷமாச் சொல்லிக்கிட்டுத் திரியிறேனே.”

“இப்ப அதை உறுதியாச் சொல்ல முடியாது,” என்றார் பாத்திமா. “ஆனா இருக்கலாம். மாசமா இருக்கிறப்பத்தான் அந்த இதயம் தாங்காமப் போகும்.”

நாங்கள் தேடிப் போனது ஒரு குற்றவாளியை. கிடைத்தது ஒரு நோய்; அது தாயை ஏற்கனவே கொண்டுபோயிருக்கிறது. அவள் சாவுக்கான பழியையும் வேறொருவன் தலையில் கட்டிவிட்டு, இப்போது மகளைத் தேடி வந்திருக்கிறது. சித்தியின் தலையிலும் அதே பழியைக் கட்டப் பார்த்தது. எத்தனையோ திருடனைப் பார்த்திருக்கிறேன், என்னை யாரும் இந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “பிள்ளை பயப்படுது. ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. அம்மா யாரு?”

கதவுக்குப் பக்கத்தில் நின்றது கருப்பணன்தான். அவர் நகர்ந்தால்தான் வழி. பேச்சாயி அவரைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. குனிந்த தலையோடு நின்றாள். மறுநாள் காலையில் அவளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் வந்தே தீருவார்கள், பிள்ளை சாட்சி, டீச்சர் சாட்சி, அவளே சொன்ன வாக்குமூலம் சாட்சி. புகாரைத் திரும்ப வாங்க ஒரு ஆள் இருந்தால் அது கருப்பணன் மட்டும்தான்.

அவர் கதவைவிட்டு விலகினார். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டமாக உள்ளே போனாள்.

அப்போதுதான் கருப்பணனின் போன் அடித்தது. பழைய போன், அந்தப் பக்கம் பேசுவது வராந்தா முழுக்கக் கேட்கும். லாரி இரைச்சலுக்கு நடுவே அழகுராஜாவின் குரல் வந்தது.

“கிளம்பிட்டேன். எங்க இருக்கீங்க? பிள்ளை எங்க? அவ வீட்டை விட்டுப் போயிட்டாளா இல்லையா?”

கருப்பணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே வராந்தாத் தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக அந்த ஆளை அவன் இவன் என்று பேசியே பழகியவர். அன்றைக்குத்தான் முறை வைத்துக் கூப்பிட்டார்.

“மாப்ள, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில இருக்கோம். பிள்ளைக்கு நெஞ்சுல சீக்கு. யாரும் சூடு வைக்கல, நாந்தான் தப்பாப் பேசிட்டேன். ஸ்டேஷனுக்கு விடியங்காட்டியும் போயி நானே சொல்லிருவேன்.”

“அப்ப பிள்ளைகிட்ட யாரு இருக்கா?”

“எந்தங்கச்சி இருக்கா உள்ள,” என்றார் கருப்பணன். “நீ பதறாம, வண்டிய மெதுவா ஓட்டிட்டு வா.”